ஆட்சி மாறினால் அரசின் சொல்லும் மாறுமா? சிங்கூரில் தொடங்கும் மேற்கு வங்கத்தின் வேலைக் கணக்கு

மேற்கு வங்கத்தில் தொழில் ஏன் தேய்ந்தது என்று பேச்செடுத்தால் யாராக இருந்தாலும் டாடாவின் கார் தொழிற்சாலை வராமல் போன சிங்கூரில் வந்துதான் நிற்பார்கள். மம்தா பானர்ஜி டாடாவை விரட்டிவிட்டார் என்பார் ஒருவர். இடதுசாரிகள் உழவனின் நிலத்தைப் பிடுங்கினார்கள் என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வழக்கு அந்த இரண்டு வரிகளோடு முடிந்துவிடவில்லை. 2006-ல் தொடங்கிய அந்தக் கதை 2016-ல் உச்ச நீதிமன்றத்திலும், 2023-ல் நடுவர் தீர்ப்பாயத்திலும், 2025-ல் சட்டமன்றத்திலும் தொடர்ந்து வந்தது. ஓர் அரசு தொழில் முனைவோருக்கு ஒன்றைச் சொல்கிறது, உழவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறது, வேலை தேடும் இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்கிறது. அந்தச் சொற்களுக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

முதலில் ஒரு நியாயம். வங்கத்தின் சரிவை மம்தா ஆட்சி தொடங்கி வைக்கவில்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1960-61-ல் இந்தியப் பொருளாதாரத்தில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 விழுக்காடு. 2023-24-ல் அது 5.6. தனிநபர் வருமானம் 1960-61-ல் தேசிய சராசரியைவிட 27 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2023-24-ல் சராசரியில் 84 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்த வீழ்ச்சிக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. இரும்பும் நிலக்கரியும் நாடு முழுவதும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய அரசு 1950-களில் கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன் கொள்கை, சுரங்கங்களுக்கு அருகில் இருந்த வங்கத்தின் இயற்கையான அனுகூலத்தைத் துடைத்துவிட்டது. 1960-களின் கடைசியில் மேலாளர்களை மணிக்கணக்கில் சூழ்ந்து அடைத்து வைக்கும் கெராவ் போராட்டங்கள் பரவின. பிறகு இடது முன்னணியின் 34 ஆண்டுகள். அந்த 34 ஆண்டுகளில் கிராமத்துக்கு நடந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வாரத்துக்குப் பயிரிடும் பர்காதார்களைப் பதிவு செய்து, அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாதபடி 1978 முதல் பாதுகாத்த இயக்கம் இந்தியாவின் பெரிய நிலச் சீர்திருத்தங்களில் ஒன்று. ஆலைகள் மூடுவதை மட்டும் அவர்களால் நிறுத்த முடியவில்லை.

அதைச் சரிசெய்ய வேண்டும் என்று மெய்யாகவே தவித்தவர் புத்ததேவ் பட்டாச்சார்யா. "விவசாயம் எங்கள் அடித்தளம், தொழில் எங்கள் எதிர்காலம்" என்ற முழக்கத்தோடு 2006 தேர்தலில் இடது முன்னணி 294 இடங்களில் 235-ஐ வென்றது. மே 18 அன்று அவர் மீண்டும் முதல்வரானார். அதே நாளில் ரத்தன் டாடாவோடு சேர்ந்து, ஒரு லட்ச ரூபாய் கார் மேற்கு வங்கத்தில்தான் தயாராகும் என்று அறிவித்தார். இடம், ஹூக்ளி மாவட்டத்தின் சிங்கூர்.

997 ஏக்கர்

சிங்கூர் எங்கோ கிடக்கும் தரிசு அல்ல. ஹவுராவிலிருந்து தாரகேஸ்வர் போகும் லோக்கல் ரயில் பாதையில் இருக்கிறது. துர்காப்பூர் விரைவுச்சாலை ஊரை ஒட்டி ஓடுகிறது. கோபால்நகர், பேராபேரி, பாஜேமேலியா, காசேர்பேரி, சிங்கேர்பேரி ஆகிய ஐந்து கிராமங்களின் வயல்களைச் சேர்த்து 997 ஏக்கர். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் வந்த பிறகு நெல்லும் சணலும் உருளைக்கிழங்கும் மாறி மாறி விளைந்த பூமி. ஒரு கார் தொழிற்சாலைக்கு அது ஏன் பிடித்தது என்பதும், உழவர்கள் அதை ஏன் விடமாட்டோம் என்றார்கள் என்பதும் ஒரே காரணத்தால்தான்: அது நல்ல இடம்.

1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை அரசு கையில் எடுத்தது. வெள்ளைக்காரன் ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நிலம் எடுக்க எழுதிய அந்தச் சட்டத்தில் உழவரின் சம்மதம் என்ற சொல்லுக்கே இடமில்லை. நோட்டீஸ் கொடுக்கலாம், ஆட்சேபத்தைக் கேட்கலாம், பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஒருபோக நிலத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 8.4 லட்சமும் இருபோக நிலத்துக்குச் சுமார் 12 லட்சமும் விலை வைத்தார்கள். அன்றைய நிலவரத்துக்கு அது அற்பத் தொகை அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எது ஒருபோகம், எது இருபோகம் என்று சொன்னவை பழைய பதிவேடுகள். கிணறு வந்து இரண்டு, மூன்று போகம் விளைந்த வயல்கள் பல, ஏட்டில் ஒருபோகமாகவே கிடந்தன. பதிவு பெற்ற வாரதாரருக்கு நில விலையில் 25 விழுக்காடு கிடைத்தது. பதிவில்லாதவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். கூலிக்கு நடவு நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் ஒன்றுமே இல்லை. வாரதாரரைப் பதிவு செய்துதான் கிராமத்தில் வேரூன்றியது இடது முன்னணி. அதே முன்னணியின் அரசு பதிவில்லாத வாரதாரரைக் கணக்கில் எடுக்காமல் விட்டதுதான் இந்த வழக்கின் மிக வருத்தமான பகுதி என்று நான் நினைக்கிறேன்.

பெரும்பாலான உடைமையாளர்கள் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய 400 ஏக்கருக்கு உரியவர்கள் வாங்க மறுத்தார்கள். டாடாவோடு 2007 மார்ச்சில் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின் விவரங்களையும் அரசு உடனே வெளியில் சொல்லவில்லை. 645 ஏக்கர் 90 ஆண்டுக் குத்தகைக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் 1 கோடி வாடகை, கூடவே 1 விழுக்காடு வட்டியில் 200 கோடி கடன் என்பது பின்னால்தான் தெரியவந்தது. நிலம் கொடுத்தவனுக்கு ஒரு கணக்கு, நிலம் வாங்கியவனுக்கு வேறொரு கணக்கு என்று ஊரில் பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

எதிர்க்கட்சியான திரிணாமூல் காங்கிரஸின் மம்தா 2006 டிசம்பர் 4 முதல் அந்த மாதக் கடைசி வரை கொல்கத்தாவில் உண்ணாவிரதம் இருந்தார். 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமில், அதுவும் நிலம் எடுப்பதற்கு எதிரான போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு சிங்கூர் விலைப் பேரமாக இருக்கவில்லை. 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் அந்த ஒரு லட்ச ரூபாய் கார் நானோ என்ற பெயரில் மேடை ஏறியது. அதே மாதம் கல்கத்தா உயர் நீதிமன்றம் கையகப்படுத்தல் செல்லும் என்றது. ஆகஸ்ட் 24-ல் மம்தா விரைவுச்சாலை ஓரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்.

சமரசத்துக்கு வந்தவர் ஆளுநர் கோபாலகிருஷ்ண காந்தி. ராஜாஜியின் பேரன். சுதந்திரம் கிடைத்தவுடன் ராஜாஜி ஆளுநராகச் சென்று அமர்ந்த அதே ராஜ்பவனில் செப்டம்பர் 7-ல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. பணம் வாங்காதவர்களுக்கு ஈடாக இயன்ற அளவு நிலம் திட்டப் பகுதிக்குள்ளிருந்தே தரப்படும், மீதி அருகில் தரப்படும் என்பது அதன் சாரம். இயன்ற அளவு என்பதற்கு மம்தா 300 ஏக்கர் என்று பொருள் சொன்னார். அரசு 70 ஏக்கர் என்றது. உதிரிபாகத் தொழிற்சாலைகளைப் பக்கத்திலேயே வைத்தால்தான் ஒரு லட்ச ரூபாய்க் கணக்கு தேறும் என்று டாடா சொன்னது. 'இயன்ற அளவு' என்ற அந்தச் சொல்லில் உடன்பாடு உடைந்தது. அக்டோபர் 3-ல் ரத்தன் டாடா வெளியேறுவதாக அறிவித்தார். அக்டோபர் 7-ல் குஜராத்தின் சானந்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வசமிருந்த அரசு நிலம் சுமார் 1,100 ஏக்கரைக் கொடுத்தது மோடி அரசு. நான்கே நாள்.

"நானோ எப்படியும் தோற்ற கார்தானே, போனால் போகட்டும்" என்று கொல்கத்தாவில் இன்றும் சொல்வார்கள். நானோ தோற்றது மெய். 2018 ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நானோதான் தயாரானது. ஆனால் தொழிற்சாலை தோற்கவில்லை. அதே சானந்தில் டாடாவின் டியாகோ, டிகோர் கார்கள் தயாராகின்றன. ஃபோர்டு அங்கே வந்தது. ஃபோர்டு போனபோது அந்தத் தொழிற்சாலையையும் டாடா எடுத்துக்கொண்டது. மைக்ரான் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலையும் சானந்துக்கே வந்தது. ஒரு தொழிற்சாலை வந்தால் கூடவே பற்றவைப்பவர், அச்சு வார்ப்பவர், லாரி ஓட்டுபவர், மெஸ் நடத்துபவர் என்று ஒரு கூட்டம் வந்து குடியேறும். கார் செத்தாலும் அந்தக் கூட்டம் சாகாது. சிங்கூர் இழந்தது அந்தக் கூட்டத்தைத்தான்.

கிடைத்த நிலம், கிடைக்காத வயல்

2011-ல் இடது முன்னணி 62 இடங்களுக்குச் சுருங்கியது. புத்ததேவ், தன்னிடமே தலைமைச் செயலாளராக இருந்தவரிடம் ஜாதவ்பூரில் தோற்றார். மம்தா முதல்வரானதும் ஜூன் மாதமே சிங்கூர் நிலத்தைத் திருப்பித் தரச் சட்டம் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாததால் அது செல்லாது என்று 2012-ல் உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. வழக்கு டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

2016 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் கோபால கவுடா, அருண் மிஸ்ரா அமர்வு கையகப்படுத்தலையே ரத்து செய்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்காக எடுத்ததைப் பொதுநோக்கம் என்று சொல்ல முடியாது என்றார் கவுடா. பொதுநோக்கம்தான், ஆனால் ஆட்சேபங்களைச் சட்டப்படி விசாரிக்கவில்லை என்றார் மிஸ்ரா. வழி வேறு, முடிவு ஒன்று: 12 வாரத்தில் நிலம் திரும்ப வேண்டும், வாங்கிய பணத்தை உழவர்கள் திருப்பித் தர வேண்டாம், பத்து ஆண்டு வாழ்வாதாரம் போயிருக்கிறது. உழவர்களைக் கேளாமல் நடந்த அநியாயம் பத்து ஆண்டு கழித்தாவது அநியாயம் என்று பெயர் பெற்றதே என்று அந்தத் தீர்ப்பில் எனக்கு மகிழ்ச்சிதான். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் போய், தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு உடைமையாளர் சம்மதம் கேட்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததிலும் சிங்கூருக்கும் நந்திகிராமுக்கும் பெரும் பங்குண்டு.

ஆனால் திரும்பியது பட்டா. வயல் திரும்பவில்லை. பள்ளமான நிலத்தை அனல் மின் நிலையச் சாம்பலும் மண்ணும் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். சாலை போட்டிருந்தார்கள். கான்கிரீட் தூண்களை நட்டிருந்தார்கள். அரசு கொட்டகைகளை இடித்தது, மண்ணைப் புரட்டியது, முதல்வர் அக்டோபரில் வந்து கடுகு விதை தூவினார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிலத்தின் பெரும்பகுதி பயிருக்குத் தகுதியாகவில்லை என்று அங்குள்ள உழவர்கள் சொல்லிவந்தார்கள். வரப்பு அழிந்த நிலத்தில் எது யாருடையது என்பதே சண்டை. பணம் வாங்காத குடும்பங்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 2 ரூபாய் விலையில் 16 கிலோ அரிசியும் அரசு கொடுத்தது. போராட்டத்தின் முகமாக இருந்து, 2001 முதல் 2021 வரை சிங்கூரின் திரிணாமூல் எம்.எல்.ஏ.வாக இருந்த 'மாஸ்டர் மோஷாய்' (வாத்தியார் ஐயா) ரவீந்திரநாத் பட்டாச்சார்யா, 2021-ல் பாஜகவுக்குப் போய் அந்தக் கட்சிக்காக நின்று தோற்றார். ஊர் எதை விரும்புகிறது என்று ஊருக்கே குழப்பமாகிவிட்ட காலம் அது.

பிறகு பில் வந்தது. 2023 அக்டோபர் 30 அன்று மூவர் நடுவர் தீர்ப்பாயம், மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும், 2016 செப்டம்பர் 1 முதல் 11 விழுக்காடு வட்டியும் தர வேண்டும் என்றது. கழகம் நீதிமன்றம் போனது. ஆனால் வட்டி நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 84 கோடிக்கு மேல், நாளொன்றுக்கு ஏறக்குறைய 23 லட்சம். தீர்ப்பு வந்த நாளிலேயே வட்டி மட்டும் 600 கோடியைத் தாண்டியிருந்தது. ஒப்பந்தம் போட்டது இடது முன்னணி, உடைத்தது போராட்டம், நிலத்தை எடுத்துத் திருப்பியது திரிணாமூல், ஆனால் தீர்ப்பில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. கையெழுத்துப் போட்டது அரசு. கடனும் அரசுக்கே.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரலாம். நோக்கியாவோடு 2005 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது அதிமுக அரசு. அடுத்த ஆண்டு மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. ஒருவரையொருவர் சிறையில் தள்ளிய கட்சிகள் இவை. இருந்தும் முந்தைய அரசு தொழிற்சாலைக்குக் கொடுத்த வாக்கில் கைவைக்கக் கூடாது என்ற ஓர் எழுதாத விதியைக் காத்தார்கள். நம்மைப் புனிதராக்க இதைச் சொல்லவில்லை. அதே நோக்கியா வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி வழக்குகளில் சிக்கி 2014 நவம்பரில் மூடியதையும், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலையிழந்து வீடு திரும்பியதையும் நாம் பார்த்தோம். அரசின் சொல் எங்கே இளகினாலும் முதலில் விழுவது தொழிலாளியின் வீட்டு அடுப்புதான்.

மாநாடுகளின் கணக்கு

நிலத்தின் பேரால் ஆட்சிக்கு வந்தவர் நிலத்தில் கைவைக்க மாட்டார். தனியார் தொழிலுக்காக அரசு நிலம் கையகப்படுத்தாது, வேண்டுமானால் நீங்களே பேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் திரிணாமூல் அரசின் கொள்கையாக இருந்தது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வங்கத்தில் சராசரி நில உடைமை ஒரு ஹெக்டேரை எட்டாது. நூறு ஏக்கர் வேண்டுமென்றால் சில நூறு குடும்பங்களிடம் பேச வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு தரகர், அவருக்குப் பின்னால் ஓர் உள்ளூர்த் தலைவர். 24 ஏக்கர் உச்சவரம்பைத் தாண்டினால் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 14ஒய் பிரிவின் கீழ் அரசிடமே விலக்கு கேட்க வேண்டும். வேறு மாநிலங்கள் கைவிட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தையும் இங்கே விடவில்லை. வலுக்கட்டாயமும் கூடாது, கைவிடலும் கூடாது. அரசு நடுவில் நின்று நியாயமான விலை பேசி, பங்கு கொடுத்து, சம்மதம் வாங்கித் தரும் வழி ஒன்று இருக்கிறது. சிங்கூரிலிருந்து அந்தப் பாடத்தை இரண்டு தரப்பாருமே எடுக்கவில்லை.

இன்ஃபோசிஸ் கதையைப் பாருங்கள். கொல்கத்தாவை ஒட்டிய ராஜர்ஹாட்டில் 50 ஏக்கர். வரிச்சலுகை தரும் சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி வேண்டும் என்றது நிறுவனம். சிறப்பு மண்டலமே எங்கள் கொள்கையில் இல்லை என்றது அரசு. ஆண்டுக்கணக்கில் அந்த நிலம் சும்மா கிடந்தது. 2017-ல் நிலத்தின் மேல் முழு உரிமை தந்து அரசு ஒரு வழி கண்டது. 2024 டிசம்பரில் வளாகம் திறந்தது. திறந்ததே என்று மகிழலாம். ஆனால் 2011-ல் கல்லூரி முடித்த வங்கத்துப் பிள்ளை அதற்குள் பெங்களூரில் வீட்டுக்கடனே கட்டி முடித்திருப்பார்.

சால்போனியில் ஜிண்டாலின் ஒரு கோடி டன் இரும்பாலைக்கு 2008 நவம்பர் 2 அன்று புத்ததேவ் அடிக்கல் நாட்டிவிட்டுத் திரும்பும் வழியில் கண்ணிவெடி வெடித்தது. அந்த ஆலை வரவே இல்லை. அந்த இடத்தில் 2018-ல் ஒரு சிமெண்ட் ஆலை வந்தது. 2025 ஏப்ரலில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்கு மம்தா அடிக்கல் நாட்டினார். 17 ஆண்டில் ஓர் இடம், மூன்று வாக்குறுதி.

முதலீட்டாளர்களை அழைக்க மாநில அரசு 2015-ல் தொடங்கிய உலக வணிக மாநாடு எட்டாவது முறையாக 2025 பிப்ரவரியில் நடந்தது. முகேஷ் அம்பானி வந்தார், சஜ்ஜன் ஜிண்டால் வந்தார். 4.40 லட்சம் கோடி ரூபாய்க்கு முன்மொழிவுகள் என்றார்கள். முந்தைய ஏழு மாநாடுகளில் வந்த 19 லட்சம் கோடியில் 13 லட்சம் கோடி நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது முதல்வர் சொன்ன கணக்கு. இந்த எண்ணை என்னால் ஏற்க முடியவில்லை. மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பே 2024-25-ல் சுமார் 18 லட்சம் கோடிதான். அவ்வளவு பெரிய முதலீடு மெய்யாகவே மண்ணில் இறங்கியிருந்தால் அதை மாநாட்டு மேடையில் சொல்லிக் காட்ட வேண்டியிருக்காது. ஊரே சொல்லியிருக்கும்.

எதிர்த்தரப்பின் எண்ணையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். 2011 முதல் 2025 மார்ச் வரை 6,688 நிறுவனங்கள் தங்கள் பதிவு அலுவலகத்தை மேற்கு வங்கத்திலிருந்து மாற்றிக்கொண்டன, அவற்றில் 110 பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பாஜக இதை 6,688 தொழிற்சாலைகள் ஓடிவிட்டன என்பதுபோல் பேசியது. பதிவு அலுவலகம் என்பது ஒரு முகவரி. அது மாறினால் வேலை போயிற்று என்று பொருளாகாது. ஆனாலும் 110 பட்டியல் நிறுவனங்கள் முகவரி மாற்றுவது ஒரு குறிப்புதான். உத்தரப்பாராவில் 1948 முதல் ஓடிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அம்பாசடர் காரைத் தயாரித்த அதே ஆலை, 2014 மே மாதம் வேலையை நிறுத்தியது. அதுவும் ஹூக்ளி மாவட்டம்தான். ஒரே மாவட்டம் வரவிருந்த கார் தொழிற்சாலையையும் இழந்தது, இருந்த கார் தொழிற்சாலையையும் இழந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 2025-ஆம் ஆண்டின் ஒரு சட்டம். மார்ச்சில் சட்டமன்றத்தில் நிறைவேறி ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1993 முதல் மாநில அரசு அறிவித்த தொழில் ஊக்கத்தொகைத் திட்டங்கள் அனைத்தையும் முன்தேதியிட்டு அது ரத்து செய்தது. இனி தரமாட்டோம் என்றல்ல, இதுவரை தர வேண்டியிருந்த பாக்கியும் இல்லை என்று. அந்தப் பணத்தை ஏழைகளுக்கான நலத்திட்டங்களுக்குத் திருப்பப் போவதாக அரசு காரணம் சொன்னது. நலத்திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பெண்களுக்கான உதவித்தொகைத் திட்டமான லட்சுமீர் பண்டாரில் 2025-ல் மாதாமாதம் வந்த ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் கையில் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வாக்கை நம்பித்தான் பலர் புருலியாவிலும் பாங்குராவிலும் ஆலை கட்டினார்கள். வரிச்சலுகையைக் கணக்கில் வைத்து வங்கியில் கடன் வாங்கினார்கள். ஆலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்த பிறகு வாக்கை மாற்றுவது என்ன நியாயம்? சிமெண்ட், உருக்கு நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் சென்றன. இதில் ரத்தானவை இடது முன்னணி கொடுத்த வாக்குகள் மட்டுமல்ல. 2011-க்குப் பிறகு இதே அரசு, இதே முதல்வரின் பெயரில் கொடுத்த வாக்குகளும் அதில் அடக்கம்.

வேலை இருக்கிறது, எந்த வேலை?

மம்தா அரசை ஆதரிப்போர் காட்டிய ஓர் எண் உண்மையானது: வேலையின்மை. 2022-23-ன் தேசிய மாதிரி ஆய்வில் நாட்டு சராசரி 3.2 விழுக்காடு, மேற்கு வங்கத்தில் 2.2. தமிழ்நாட்டைவிடவும் குறைவு. 2015-16-ன் மாதிரி ஆய்வில் சிறு குறு தொழில்களின் எண்ணிக்கையில் 88 லட்சத்துக்கு மேல் வைத்து உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். பான்தலாவில் தோல் தொழில் வளாகம் வளர்ந்திருக்கிறது. இவை பொய்யல்ல.

ஆனால் ஏழைக்கு வேலையில்லாமல் இருக்க வசதி கிடையாது. பீடி சுற்றினாலும், ஜரிகை வேலை செய்தாலும், டோட்டோ எனும் மின்ரிக்‌ஷா ஓட்டினாலும் ஆய்வின் ஏட்டில் அவர் வேலையில் இருப்பவர்தான். 88 லட்சம் தொழில்களில் பெரும்பகுதி வீட்டுத் திண்ணையில் ஒருவரோ இருவரோ நடத்துபவை. சம்பளச் சீட்டும் வைப்பு நிதியும் உள்ள வேலை என்று தேடினால் கிராமத்துப் பட்டதாரிக்குக் கண்ணில் தெரிவது ஒன்றே ஒன்று, அரசு வேலை. அதிலும் பள்ளி ஆசிரியர் வேலை.

அந்தக் கதவில்தான் பேரிடி விழுந்தது. 2016-ஆம் ஆண்டு பள்ளித் தேர்வாணையத் தேர்வில் விடைத்தாள் மதிப்பெண் திருத்தப்பட்டது, தரவரிசை தாண்டி ஆட்கள் எடுக்கப்பட்டார்கள் என்று வழக்குகள். 2025 ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர், அலுவலர் என 25,753 பேரின் நியமனத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. நேர்மையாகப் படித்துத் தேறியவர்களும் அதில் இருந்தார்கள். உமியையும் நெல்லையும் பிரிக்க முடியாத அளவுக்கு ஆவணங்கள் கெடுக்கப்பட்டிருந்தன. ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர், அந்தச் சம்பளத்தை நம்பிக் கல்யாணம் செய்தவர், வீடு கட்டியவர், தெருவில் அமர்ந்து அழுததை நாடு பார்த்தது. இந்த வழக்கில் 2022 ஜூலையில் கைதான முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சாட்டர்ஜி, கைதான நாளில் வகித்த பொறுப்பு என்ன தெரியுமா? தொழில் துறை அமைச்சர். சிங்கூர் போராட்டக் காலத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவரும் அவரே. அவர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். முதலீட்டாளரை வரவேற்கும் நாற்காலியில் இருந்தவரை வேலை விற்பனை வழக்கில் அழைத்துச் சென்றது அந்த மாநிலத்தின் நம்பிக்கைக்கு என்ன செய்திருக்கும் என்பதற்குத் தீர்ப்பு தேவையில்லை.

கிராமத்தில் மிச்சமிருந்த கதவு நூறு நாள் வேலை. அதற்கான நிதியை 2022 மார்ச்சில் மத்திய அரசு நிறுத்தியது. முறைகேடு நடந்தது என்பது காரணம். முறைகேடு செய்தவரைப் பிடிக்க வேண்டியதுதான். மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு மாநிலத்தின் கூலிக்காரர் அனைவரின் அடுப்பையும் அணைத்தது கொடுமை. 2025-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் திட்டத்தை மீண்டும் தொடங்கச் சொன்னது. வங்கத்தின் வேலைக் கணக்கில் மாநில அரசின் பிழையை மட்டும் எழுதி இதை விட்டுவிடுகிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

ஆக, ஆள் கிளம்புகிறார். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சென்னைக் கட்டுமானத்துக்கு, கேரளத்துக்கு, சூரத்துக்கு. 2023 ஜூன் 2 மாலை பாலசோர் அருகே பஹாநாகாவில் கவிழ்ந்தது ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். மூன்று ரயில்கள் சிக்கிய அந்த விபத்தில் இறந்த ஏறக்குறைய முந்நூறு பேரில் நூறு பேருக்கும் மேல் மேற்கு வங்கத்தவர். முன்பதிவில்லாப் பெட்டிகளில் நின்றுகொண்டு தெற்கே வேலைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்களில் பலர்.

2025-ல் வேறு மாநிலங்களில் வங்காளம் பேசுபவர்களை வங்கதேசத்தவர் என்று பிடித்து வைக்கும் சம்பவங்கள் பெருகியபோது, திரும்பி வரும் தொழிலாளிக்கு மாதம் 5,000 ரூபாய், ஓராண்டு வரை அல்லது வேலை கிடைக்கும் வரை என்று ஒரு திட்டத்தை மாநில அரசு ஆகஸ்டில் அறிவித்தது. வெளி மாநிலங்களில் இருப்போர் 22 லட்சம் பேர் என்றும் அரசே சொன்னது. திருப்பூரில் பத்து நாள் ஓவர்டைம் பார்த்தால் அந்த 5,000 வந்துவிடும். சிங்கூர் நிலையத்தில் லோக்கல் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹவுரா. அங்கிருந்து ஷாலிமார் சில கிலோமீட்டர்தான். கோரமண்டல் நாள்தோறும் புறப்படுகிறது, முன்பதிவில்லாப் பெட்டியில் இடம் பிடிக்க மணிக்கணக்கில் முன்னதாகவே வரிசை நிற்கிறது.